17ஐ அப்படியே எடுக்காதீர்கள்

குழந்தைகளின் நடத்தையை அறிய வளரும் நாடுகளிலும் பலர் கையில் எடுப்பது ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்டிக்யூ (SDQ: குழந்தையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும்) படிவம். 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்தை விட்டு மற்றதைக் கூட்டினால் 40க்கு இத்தனை என்று வரும். பெற்றோர் நிரப்பும் படிவத்தில் அந்த மொத்தம் 17ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய குழந்தை. ஆனால் இது பிரிட்டன் கணக்கு. அங்கே ஏறக்குறைய 10 சதவீதக் குழந்தைகள் சிக்கும்படி போட்ட கோடு. உள்ளூரில் கொஞ்சம் பேரையாவது மனநல மருத்துவர் நேரில் பார்த்து, அந்த முடிவோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டுத்தான் கோட்டை நகர்த்த வேண்டும். செலவுக்குப் பயந்து பலர் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

தலைவலி, வயிற்றுவலி பற்றிய கேள்வி மனக்கவலைப் பகுதியில் சேரும். கொக்கிப்புழு என்ற குடல்புழு பரவிய ஊரில் அது வெறும் வயிற்றுவலியாகவே இருக்கலாம். அதற்காகக் கேள்வியை நீக்கினால் மொத்த மதிப்பெண்ணே பிசகும். அனுமதியின்றி வாசகத்தை மாற்றவும் கூடாது. அந்தப் பகுதியின் மற்ற நான்கு கேள்விகளோடு ஒத்துப்போகிறதா என்று தனியே பாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டும்போது “கடந்த 6 மாதம்” என்பதை ஊரறிந்த திருவிழாவையோ அறுவடையையோ வைத்துச் சொல்லுங்கள். 7, 11, 14, 21, 25ஆம் கேள்விகள் நல்ல குணத்தைக் கேட்பவை; அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது 2ஐ 0 ஆக, 0ஐ 2 ஆக. மறந்தால் தங்கமான பிள்ளைக்கும் 10 ஏறிவிடும்!