கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் வரை: எசேக்கியாவின் சாலகத்தில் நடந்து போக

எருசலேமுக்கு யாத்திரை போகிறவர்களில் பலர் சீலோவாம் குளத்தருகே நின்று, பார்வையற்றவனை இயேசு அங்கே கழுவ அனுப்பிய யோவான் 9-ஆம் அதிகாரத்தை வாசித்து, ஜெபித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்த வழியிலேயே நடந்து வரலாம். பாறைக்குள், ஓடும் நீரில், 533 மீட்டர். உடம்புக்கு முடிந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கீகோன் பழைய எருசலேமின் ஒரே நிரந்தர ஊற்று. அது மதிலுக்கு வெளியே, கீதரோன் பள்ளத்தாக்கின் சரிவில் இருந்தது. கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தான். முற்றுகை போட்டவன் கையில் ஊற்று சிக்கினால் நகரம் தாகத்தால் விழும். யூதாவின் ராஜா எசேக்கியா ஒரு குளத்தையும் சாலகத்தையும், அதாவது தண்ணீர் ஓடும் சுரங்கத்தையும், உண்டாக்கித் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்ததை 2 இராஜாக்கள் 20:20 சொல்கிறது. சுரங்கத்தின் காரையில் சிக்கியிருந்த தாவரத் துணுக்குகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய அதே காலத்தைத்தான் காட்டியது.

தாவீதின் நகர் தொல்லியல் வளாகத்திலிருந்து படியிறங்கி ஊற்றுக்குப் போக வேண்டும். வெள்ளி மதியமே மூடிவிடுவார்கள், சனிக்கிழமை ஓய்வுநாள். பயணத் திட்டத்தில் அடிக்கடி பிசகுவது இங்கேதான். தொடக்கத்தில் தண்ணீர் தொடை வரை வரும், பிறகு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். ரப்பர் செருப்பு நீரில் கழன்று போகும், வார் வைத்த செருப்பு வேண்டும். டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் சுவரைப் பிடிக்க மிச்சமாகும். அகலம் பல இடங்களில் ஓர் ஆள் போகும் அளவுதான். முதுகுப் பையும் ஆளும் சேர்ந்தால் இடிக்கும். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருப்பதால் பாதியில் திரும்புவது கடினம். இருட்டும் நெருக்கமும் ஆகாதவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள் பக்கத்திலேயே இருக்கும் கானானியர் காலத்து உலர்ந்த கால்வாய் வழியாகப் போவது நல்லது.

பாதி வழி தாண்டும்போது அவசரப்படாதீர்கள். இரண்டு குழுக்கள் இரண்டு முனையிலிருந்தும் குடைந்துவந்து சந்தித்த இடம் அங்கே இருக்கிறது. சுரங்கம் சட்டென்று வளையும், கூரை உயரம் மாறும், கொஞ்சம் வெட்டிக் கைவிட்ட குழிகள் பக்கவாட்டில் தெரியும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். அதுவரை ஒரு பக்கம் சாய்ந்திருந்த உளித்தடங்கள் அங்கிருந்து எதிர்ப்பக்கம் சாயும். விரலால் தடவினாலே தெரியும். பாறைக்குள் வழி தவறாமல் எப்படிச் சந்தித்தார்கள்? இயற்கைப் பிளவைப் பின்தொடர்ந்தார்கள் என்பது ஒரு விளக்கம், மேலிருந்து தட்டிய ஓசையைக் கேட்டு வந்தார்கள் என்பது இன்னொன்று. விவாதம் ஓயவில்லை.

அந்தச் சந்திப்பை எழுதியும் வைத்தார்கள். 1880-இல் தெற்கு வாயிலுக்குச் சற்று உள்ளே ஒரு சிறுவன் கண்ணில் பட்ட கல்வெட்டில் பழைய எபிரெய எழுத்தில் ஆறு வரிகள் இருந்தன. இன்னும் மூன்று முழம் குடைய இருக்கையில் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, பிறகு உளிக்கு எதிர் உளி மோதியது, தண்ணீர் 1200 முழம் ஓடியது என்கிறது அது. ராஜாவின் பெயர் அதில் இல்லை. கல்தச்சர்களின் உழைப்பு மட்டுமே இருக்கிறது. அதனாலேயே அது மனதைத் தொடுகிறது. மூலக்கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில்.

வெளியே வந்ததும் தூண் துண்டுகள் கிடக்கும் சிறு குளத்தைப் பார்த்து, இயேசு சொன்ன குளம் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அது இயேசுவுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய பைசாந்தியர் காலத்தது. இயேசு வாழ்ந்த இரண்டாம் ஆலயக் காலக் குளத்தின் படிகள் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கின்றன. 2004-இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது அவை வெளிப்பட்டன. படிகள் ஐந்தைந்தாக இறங்கி, இடையில் அகலமான தளம் விடும். கூட்டமாக இறங்கி முழுகுவதற்கு ஏற்ற அமைப்பு.

இந்தப் பகுதியெங்கும் மேலே சில்வான் கிராமத்துப் பாலஸ்தீனக் குடும்பங்களின் வீடுகள். அடியில் நடக்கும் அகழாய்வு அவர்களுக்குப் பெரும் கவலை, அரசியல் தகராறும் கூட. அதை அறிந்துகொண்டு, தெருவில் அமைதியாக நடங்கள்.

கூடாரப்பண்டிகையில் ஆசாரியர் பொற்குடுவையில் மூன்று லோக், ஏறக்குறைய ஒரு லிட்டர், தண்ணீரை இந்தச் சீலோவாமில்தான் மொண்டு ஆலயத்துக்கு எடுத்துப் போவார் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. குளத்திலிருந்து ஆலய மலை நோக்கி ஏறிய கற்படித் தெருவின் அடியில் பழைய வடிகால் ஒன்று ஓடுகிறது. நனைந்த செருப்போடு அதற்குள் ஏறி நடந்தால், சுமார் 600 மீட்டரில் ஆலய மலையின் மேற்கு மதிலின் தென்கோடி.