பூங்கா வாசலில் 20 அங்குலம்

எங்கள் ஊர்ப் பூங்கா வாசலில் மூன்று இரும்புக் குழாய்களை நட்டுவைத்திருந்தார்கள். பைக் உள்ளே வரக் கூடாதாம். குழாய்களுக்கு நடுவே இடைவெளி 20 அங்குலம். என் சக்கர நாற்காலியின் அகலம் 25.

உள்ளே திறந்தவெளி ஜிம் வந்த அன்று, "அத்தை, உனக்கும் தோள் பயிற்சி இருக்கு, வா" என்று அண்ணன் மகள் ஓடிவந்து கூப்பிட்டாள். வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினோம். மறுநாள் தையல் டேப்போடு போனேன். போராட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. இப்போது 48. இத்தனை வருடம் சக்கரத்தைத் தள்ளியதில் இரண்டு தோளும் வலிக்கின்றன. முன்னால் தள்ளும் தசைகளுக்கு ஓயாத வேலை. பின்னால் இழுக்கும் தசைகளையும் பலப்படுத்தினால்தான் தோள் தாங்கும் என்றார் பிசியோதெரபிஸ்ட். தனியார் ஜிம் எல்லாமே மாடியில். பூங்காவை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

ஒரு நாள் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி உள்ளே விட்டார்கள். கருவிகள் நின்றது மணலில், முன்சக்கரம் புதைந்துவிட்டது. காலை வீசி நடப்பது, இடுப்பைத் திருப்புவது எல்லாம் நிற்க முடிந்தவர்களுக்கு. கையால் இழுக்கும் கருவி எனக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் அதன் இருக்கையைக் கம்பத்தோடு வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த ஓர் இருக்கை இல்லாவிட்டால் என் நாற்காலியே இருக்கை. தோள் சக்கரம் ஐந்தடி உயரத்தில் இருந்தது. மூன்றடிக்கு இறக்கினால் போதும்.

மனுவில் இதையெல்லாம் அளவோடு எழுதினோம். வாசலில் ஓர் இடைவெளியாவது 90 சென்டிமீட்டர். அங்கே இருக்கும் அரையடிப் படிக்கு ஆறடிச் சரிவு, அதாவது 1:12. கருவிக்குப் பக்கத்தில் நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம், கெட்டியான தரை. பார்வையற்ற தம்பி ஒருவர் எங்களோடு வருகிறார். அவர் சொல்லித்தான் இன்னொன்றையும் சேர்த்தோம்: "அக்கா, யாராவது ஆடிட்டு இருக்கும்போது அந்தக் கம்பி எங்கேருந்து வீசும்னே தெரியல." கருவி இருக்கும் இடத்துக்கு முன்பே காலுக்குத் தெரியும்படி தரை மாற வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் காலையில் நடக்க வரும் பெரியவர்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அந்தப் படி எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது.

விசாரிக்க வந்த அலுவலர், "தனியா ஒரு மூலையில ஏதாவது போட்டுத் தரச் சொல்றேம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் வேண்டாம் என்றேன். அண்ணி ஒரு கருவியில், பக்கத்துக் கருவியில் நான், பேச்சு அதுபாட்டுக்கு நடக்க வேண்டும். அதற்குத்தான் பூங்கா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். விளையாட்டுக்கான வசதியையும் அது பேசுகிறது. அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரையாக விடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெரினாவில் 2022இல் அலைக்குப் பக்கம்வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். கடல் மணலிலேயே முடிகிறது என்றால் எங்கள் பூங்கா மணலில் முடியாதா?

நாலு மாதம் கழித்து நடுக்குழாயைப் பிடுங்கினார்கள். படியில் சிமெண்ட் சரிவும் வந்துவிட்டது. முதல் நாள் நடைபாதையை மூன்று சுற்று சுற்றினேன், யாரும் தள்ளாமல். வேப்பமரத்தடி வளைவில் கொஞ்சம் ஏற்றம். மூச்சு வாங்கியது, நின்று, மறுபடி போனேன்.

கருவிகள் இன்னும் மணலில்தான் நிற்கின்றன. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பக்கத்துத் தெரு அண்ணன், இருக்கையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு படம் வரைந்து தந்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை அதையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.