டிசம்பர் ரூட் கேனாலும் ஜனவரி கிரவுனும்

2023 அக்டோபரில் என் மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி. நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில். பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பல்லுக்கு ரூட் கேனாலும் (வேர்ச் சிகிச்சை) கிரவுனும் (பல்லின் மேல் மாட்டும் உறை) வேண்டும் என்றார். பக்கத்துப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு விரிந்திருந்ததால் அதற்கும் ஒரு கிரவுன். ரூட் கேனால் 1,200 டாலர், கிரவுன் ஒன்று 1,400.

எங்கள் பல் இன்சூரன்ஸ் ரூட் கேனாலுக்கு 80 சதவீதம், கிரவுனுக்கு 50 சதவீதம் தரும். ஆனால் ஆண்டுக்கு மொத்தம் 1,500 டாலர்தான். ரூட் கேனாலுக்கே 960 போய்விட்டால் மிச்சம் 540. இரண்டு கிரவுனையும் அதே ஆண்டில் போட்டால் பாதிக்கு மேல் எங்கள் கையிலிருந்துதான் போகும். ஜனவரியில் புதிய ஆண்டின் 1,500 தொடங்கும் என்பதால், சில வாரம் பொறுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். தற்காலிக அடைப்பு வைத்து ஜனவரி வரை தள்ளலாம், ஆனால் அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்கக்கூடாது என்றார். அப்படியே செய்தோம். ரூட் கேனால் டிசம்பரில் முடிந்தது.

நவம்பரில் அலுவலகத்தில் ஓப்பன் என்ரோல்மென்ட் (அடுத்த ஆண்டுக்கான காப்பீடு, சலுகைகளைத் தேர்வு செய்யும் காலம்) வந்தபோது எஃப்எஸ்ஏ கணக்கில் முதல்முறையாகச் சேர்ந்தேன். சம்பளத்திலிருந்து வரி பிடிக்கும் முன்பே எடுத்து மருத்துவச் செலவுக்காக ஒதுக்கும் பணம் அது. 2024-க்கு உச்சவரம்பு 3,200 டாலர். எங்கள் நிறுவனத்தின் திட்டத்தில் ஆண்டுக்குள் செலவழிக்காத பணம் போய்விடும். "ஏங்க, பணம் வீணாகிடாதே?" என்று மனைவி கேட்டாள். இரண்டு கிரவுனில் எங்கள் பங்கு 1,400 என்பது உறுதி. அதனால் 1,500 மட்டும் போட்டேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் 26 சம்பளங்களில் தலா 57 டாலர் 69 சென்ட் பிடிப்பார்கள். ஆனால் முழு 1,500-ம் ஜனவரி முதல் தேதியே செலவுக்குக் கிடைக்கும். 22 சதவீத வருமான வரியும் 7.65 சதவீதச் சம்பள வரியும் இல்லாததால் எங்களுக்கு ஏறக்குறைய 445 டாலர் மிச்சம்.

ஜனவரியில் முதல் கிரவுன் பொருத்தினார்கள். கவுண்டரில் எஃப்எஸ்ஏ கார்டை நீட்டினேன். 940 டாலர் இழுத்தார்கள். இன்சூரன்ஸ் போக 700-தானே என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில் கேட்காமல் வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ரசீது அனுப்பாவிட்டால் கார்டு முடக்கப்படும் என்று எஃப்எஸ்ஏ கணக்கை நடத்தும் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கார்டு தேய்த்த சீட்டை அனுப்பினேன், நிராகரித்தார்கள். கிளினிக்கில் ஸ்டேட்மென்ட் வாங்கி அனுப்பினேன். அதில் 240 டாலருக்கு 'முந்தைய பாக்கி' என்று மட்டும் இருந்தது. அதுவும் நிராகரிப்பு. கார்டு முடங்கியது.

அந்த நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசியபோதுதான் விளங்கியது. அந்த 240 டிசம்பர் ரூட் கேனாலில் எங்கள் பங்கு. பணம் எந்தத் தேதியில் கட்டினோம் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, சிகிச்சை எந்தத் தேதியில் நடந்தது என்பதே முக்கியம். டிசம்பரில் எனக்குக் கணக்கே கிடையாது. ஆகவே அந்த 240-ஐ நானே கணக்கில் திருப்பிக் கட்டினேன்.

மீதி 700-க்கு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் இஓபி-யை, அதாவது அவர்கள் எவ்வளவு தந்தார்கள், நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் விவரத்தாளை, அனுப்பினேன். நோயாளி பெயர், மருத்துவர் பெயர், சிகிச்சைத் தேதி, என்ன சிகிச்சை, எங்கள் பங்கு எவ்வளவு எல்லாம் அந்த ஒரே தாளில் இருந்தது. இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். முதலிலேயே இதை அனுப்பியிருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம். பிப்ரவரியில் இரண்டாவது கிரவுனுக்கு இஓபி வரும்வரை காத்திருந்து, பிறகுதான் கார்டைக் கொடுத்தேன். மிச்சமிருந்த 100 டாலர் என் மூக்குக் கண்ணாடிக்குப் போனது. டூத்பேஸ்ட், பல் வெண்மையாக்குவது இவற்றுக்கெல்லாம் இந்தப் பணம் செல்லாது.

எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு உள்ளவர்களுக்கு இந்த ஆண்டுக்கெடு கிடையாது, பணம் அப்படியே இருக்கும். ஆனால் அவர்கள் எஃப்எஸ்ஏ-விலும் சேர வேண்டுமென்றால் பல், கண் செலவுக்கு மட்டுமான தனி வகைதான்.

2025-க்கு உச்சவரம்பு 3,300. மகளுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டும் என்றார்கள். இந்த முறை மாதத் தவணை விவரத்தோடு ஒப்பந்த நகலை முன்கூட்டியே வாங்கிவிட்டு, அதைப் பார்த்துத்தான் தொகையை எழுதினேன்.