துடுப்பு கொண்டுவருவதும் காது சேர்த்துக்கொள்வதும்

மட்டக்களப்பு வாவிக்குள் இரவில் கேட்கும் சத்தத்தைப் பாடும்மீன் என்பார்கள். அதைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குப் போகிற பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். பாட்டுக் கேட்கும் என்ற நினைப்போடு போவதுதான் காரணம். காதுக்குள் வருவது வெறும் அதிர்வு. அதைப் பாட்டாக்குகிற வேலை பிறகு மண்டைக்குள் நடக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த வாவி நல்ல இடம்.

சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், காற்று விழுந்த பூரணை இரவு பாருங்கள். வாகன ஓட்டம் அடங்கியபிறகு போங்கள். பாலத்துத் தூண்கள் வாகன அதிர்வைத் தண்ணீருக்குள் இறக்கும், அதனால் தோணியைத் தள்ளி நிறுத்த வேண்டும். வெடிப்பில்லாத மரத் துடுப்பின் அலகை ஒரு முழமாவது தண்ணீருக்குள் விட்டு, பிடியின் நுனியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வையுங்கள். தண்ணீரிலிருந்து நேரே காற்றுக்கு வரும்போது ஒலியின் சக்தியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் தப்பும். மிச்சம் மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். மரத்தில் அவ்வளவு நட்டமில்லை.

பலரும் விடுகிற பிழை, மற்றக் காதை விரலால் இறுக்கிப் பொத்துவது. உடனே 'கும்' என்று தாழ்ந்த இரைச்சலொன்று எழும். அது மீனில்லை, உங்கள் கைத்தசை. பஞ்சு வையுங்கள். துடுப்பு தோணி விளிம்பில் முட்டவும் விடாதீர்கள். அலகை நனைக்குமுன் துடுப்பை வெளியே பிடித்தபடி ஒரு நிமிடம் கேளுங்கள். நாடி, மூச்சு, தசை என்று அப்போது கேட்பதெல்லாம் உங்களுடையது. நனைத்தபிறகு புதிதாகச் சேர்வதுதான் வாவியுடையது. இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால் மிச்ச இரவு முழுக்கத் தன் நாடியையே மீன் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும்.

முதல் பத்து நிமிடம் தோணியில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் 'தவளை மாதிரி' என்று சொல்லிவிட்டால், மற்றவருக்கும் பிறகு தவளைதான். கொப்பியில் பெயர் எழுதாதீர்கள். எத்தனை தரம், எவ்வளவு இடைவெளி, உயர்ந்ததா தாழ்ந்ததா, வெட்டி நிற்கிறதா இழுபடுகிறதா என்பவை போதும். 'டொக்' என்று எழுதினாலே நம் எழுத்துக்குள் அடங்குகிற சத்தமாக அதை வெட்டிவிட்டோம்.

சிலர் 'அந்தக் கல்லுக்கு அடியிலிருந்துதான் வருகுது' என்று கைகாட்டுவார்கள். காற்றில் பக்கத்திலிருந்து வரும் ஒலி இரண்டு காதுகளையும் சேரும் நேரத்தில் கூடினால் 0.7 மில்லிசெக்கன் வித்தியாசம் இருக்கும். மூளை திசை பிடிப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். துடுப்பிலோ எல்லாம் ஒரே வழியால் வருகிறது, அதில் திசையே கிடையாது. கல்லைக் கண்டது கண்.

தாளமும் அப்படித்தான். சுவர்க்கடிகாரம் ஒரே மாதிரித் தட்டினாலும் 'டிக்-டக்' என்று இரண்டிரண்டாகக் கட்டிக்கொள்கிறோம். நான்கு நான்காக எண்ணிப் பாருங்கள், அதே தட்டல் நான்காகவும் கேட்கும்.

1848 இல் நிலாக் காலத்தில் மீனவர்களோடு இந்த வாவியில் போன பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஒலிக்கு இதை ஒப்பிட்டார். மீனவர்கள் அவருக்குச் சொன்னது, ஊரி என்கிற ஓட்டு நத்தை கத்துகிறது என்று. தோணி மரத்தில் காதை வைத்தபோது சத்தம் கூடியதையும் அவர் எழுதியிருக்கிறார். துடுப்புக் கிடைக்காதவர்கள் அப்படியே செய்யலாம். தோணியடியில் தேங்கிய தண்ணீரை மட்டும் முதலில் இறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சலசலப்பும் பாட்டாகிவிடும்.