விடுவார் என்றே இருக்கட்டும்

தர்மபுரியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர் நாலு முறை மாறியிருக்கிறது, நாற்காலி ஒரு முறை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பில் புக், கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அப்புறம் வருடத்துக்கு நாலைந்து கவிதைப் புத்தகம். கடைசி இரண்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற வேலையெல்லாம் கை செய்யும், மனசு வேறெங்காவது இருக்கலாம். இந்த இரண்டில் மட்டும் அப்படி முடிவதில்லை.

கவிதைப் புத்தகம் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி முடித்த பையன்கள். டெமி அளவு, 64 பக்கம் அல்லது 80 பக்கம், முந்நூறு பிரதி, செலவு அவர்களுடையது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 67 பக்கம் வந்து நின்றால் மூன்று பக்கத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். எதை எடுப்பது என்று அவர்கள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புரட்டுவார்கள். சமூகம், இயற்கை, தேசம் எல்லாம் போகும். அம்மா கவிதையை எடுக்க இதுவரை ஒருவரும் சம்மதித்ததில்லை.

ஆனால் அந்த அம்மா கவிதைகளில் நிறைய எனக்கு ஒட்டுவதில்லை. தியாகத் தீபம், அன்பின் ஊற்று, கருவறைத் தெய்வம். எழுதியவர் உண்மையாகத்தான் எழுதியிருப்பார், கையெழுத்துப் பிரதியில் மை கலைந்த இடம்கூட இருக்கும். இருந்தாலும் யார் அம்மாவை அங்கே வைத்தாலும் சரியாக இருக்கும். சொந்த அம்மா ஒருத்தி எப்படி எல்லோருக்கும் பொருந்துகிறாள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், 2008 என்று நினைவு, பாலக்கோடு பக்கம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் புத்தகம் கொண்டு வந்தார். அதில் அம்மா களி கிளறுகிறாள். வேகம் குறைந்ததும் துடுப்பைச் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள், அந்தச் சத்தத்துக்கு நாலு பிள்ளைகளும் எழுந்து வருவோம், அவ்வளவுதான் கவிதை. அவர் ராகி என்று எழுதியிருந்தார். புத்தகத்துக்குப் போகிற எழுத்தாயிற்றே என்று நான் கேழ்வரகு என்று மாற்றி அடித்துவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். புரூஃப் பார்க்க வந்தவர் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். கோபமே இல்லை.

"ஏம்மா, எங்கம்மா வாயில கேழ்வரகுன்னு ஒரு நாளும் வந்ததில்ல. இந்த வார்த்தையப் போட்டா வேற யாரோ கிளர்றாங்க."

அன்றிலிருந்து கவிதையில் நான் எழுத்துப் பிழையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அவர்தான், புதுக்கவிதையில் பெரிய பெயரான பிரம்மராஜன் இதே தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் என்றும், 1980களில் மீட்சி என்று ஒரு சிற்றிதழ் நடத்தியவர் என்றும் சொன்னார். கவிதை என்றால் சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய செய்தி. அதற்கப்புறம்தான் காசு கொடுத்துக் கவிதைப் புத்தகம் வாங்க ஆரம்பித்தேன். புத்தகத் திருவிழா வந்தால் வருடத்துக்கு இரண்டாவது எடுப்பேன்.

இன்னொரு நாள், கல்லூரிக் கருத்தரங்கு மலர் ஒன்று டைப் செய்ய வந்தது. கட்டுரையின் நடுவே புறநானூற்றுப் பாட்டு, 235ஆவது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு ஔவையார் பாடியது. நம் ஊர் தகடூராக இருந்தபோது இங்கே ஆண்டவன் அவன். 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்கி வரிக்கு வரி மன்னே, மன்னே என்று வருகிறது. வானவில் அவ்வையார் எழுத்துருவில் ஔவையார் பாட்டை அடித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரே சொல்லைத் தவறுதலாகத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டார்களோ என்று சந்தேகம். இந்த முறை நானாக எதுவும் செய்யாமல் கட்டுரை எழுதிய பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"ஐயா, இந்த மன்னே அத்தனையும் வேணுமா?"

"எடுத்துடாதீங்கம்மா. மன்னேயை எடுத்தா அதியமான் உயிரோட இருக்கார்னு அர்த்தம் வந்துடும்."

புரூஃப் வாங்க வந்தபோது விளக்கமாகச் சொன்னார். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான், நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான். எல்லாம் இன்றைக்கும் நடப்பது போலத்தான் வினை வருகிறது. கூடவே வரும் 'மன்' என்கிற சிறு சொல்தான் அது போயிற்று, இனி இல்லை என்று சொல்கிறது. மன்னுக்குத் தொல்காப்பியம் சொல்கிற மூன்று பொருளில் கழிவு, அதாவது கழிந்துபோனது, ஒன்று, அதற்கு உரையாசிரியர்கள் காட்டுகிற உதாரணமே இந்த வரிதானாம். எனக்கு அந்தக் கைதான் மனசில் நின்றது. அரசன் ஒருவனைப் பற்றிப் போர், கொடை, யானை என்று எவ்வளவோ சொல்லலாம். தலையைத் தடவிய கையின் வாசனையையும் தன் தலையின் நாற்றத்தையும் ஒரே மூச்சில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தப் பக்கத்து நடுகல் எழுத்துகளில் பெரும்பாலும் ஒரே செய்திதான்: இன்னான், ஆநிரை மீட்டுப் பட்டான். கவர்ந்துபோன மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தான் என்று அர்த்தம். பட்டான் என்றால் முடிந்தது. எங்கள் கடையில் அடிக்கும் அஞ்சலி போஸ்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான். படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே 'ஆண்டு ஒன்று ஆனாலும் ஆறவில்லை எங்கள் துயரம்' என்கிற மாதிரி நாலு வரி. மாதிரி வரிகளுக்கென்றே ஒரு ஃபைல் வைத்திருக்கிறோம், அதில் அறுபதுக்கு மேல் இருக்கும். வருகிறவர்களிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் நம்பர் சொல்வார்கள்.

2014இல் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கொழுந்தனோடு வந்தாள். முப்பது வயது இருக்காது. கணவர் பெங்களூரில் கட்டட வேலை, சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு ஐம்பது போஸ்டர். மாதிரித் தாளைக் கொடுத்தேன். கொழுந்தன் பதினான்காம் நம்பர் என்றான். அவள் தாளைப் பார்க்கவே இல்லை, மேஜை மேல் இருந்த என் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தை ஸ்கேன் செய்து பின்னணியை வெட்டிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னாள்.

"மிஸ்டு கால் விடுவாருங்கக்கா. ஞாயித்துக்கெழம ராத்திரி தர்மபுரில பெங்களூர் வண்டி ஏறுனதும். சீட்டு கெடைச்சா ஒண்ணு, நின்னுட்டுப் போனா ரெண்டு."

சேலத்திலிருந்து வரும் பெங்களூர் வண்டிகள் ஞாயிறு ராத்திரி இங்கே வரும்போதே நிரம்பித்தான் வரும். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி மூன்று மணி நேரம். ரெண்டு வந்த ராத்திரி அவள் தூங்கியிருப்பாளா என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. நான் கீபோர்டை இழுத்து, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே மூன்று வரியாகப் படத்துக்குக் கீழே அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

கொழுந்தன் படித்துவிட்டு, "விடுவாருன்னு எப்படிங்க போடறது? ஆள் போய் ஒரு வருசம் ஆச்சு. விட்டாருன்னு மாத்துங்க" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் பேச்சில் வருவார் என்றால் நாளைக்கு வரப்போகிறார் என்றும் இருக்கலாம், முன்பெல்லாம் வந்துகொண்டிருந்தார் என்றும் இருக்கலாம், இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஔவைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு மன் இருந்தது. எங்களிடம் இப்போது அது இல்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போஸ்டரில் குரல் வராது. மாற்றலாமா என்று கையை வைத்தேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு தடவதான் விட்டாரா? விடுவாருன்னே இருக்கட்டும்."

அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சொந்தக்காரர்கள் ஏதாவது கேட்பார்கள், போஸ்டருக்குப் பதினான்காம் நம்பரே போட்டுவிடலாம் என்றான். சரி என்று அவளும் தலையாட்டினாள். ஐம்பது போஸ்டரும் அப்படியே போயிற்று.

எட்டு பத்து நாள் கழித்துத் தனியாக வந்தாள். அன்றைக்கு அடித்தது கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. படம் வேண்டாம், அந்த எழுத்து மட்டும் போதும் என்றாள். ஏ4 தாளில் எடுத்து லேமினேஷன் செய்து கொடுத்தேன். காசு வாங்கச் சொல்லி இருபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு, சூடு ஆறும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.