பையில வேற என்ன இருக்கு?

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்கியதும் எங்கள் ஜன்னல் ஓரமாக நின்று பலரும் செய்கிற முதல் காரியம், டப்பாவின் மேல் இருக்கும் லேபிளைக் கிழிப்பது. நகத்தால் ஓரத்தைக் கிளப்புவார்கள். வராவிட்டால் எச்சில் தொட்டுத் தேய்ப்பார்கள். அடுத்தது, மூடியைத் திறந்து பஞ்சு அடைப்பது. பேரணாம்பட்டு பஸ்ஸில் டப்பா குலுங்கி, பக்கத்து சீட்டில் இருப்பவர் "இன்னாம்மா, இவ்ளோ மாத்திர?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

அதனால் பஞ்சு உருண்டையை நானே வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். கேட்காமலே கொடுப்பேன். கூடவே ஒன்று சொல்வேன். டப்பாவுக்குள் இருக்கும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீங்க, மாத்திரையைக் கொட்டி பேப்பரில் மடிச்சு வைக்காதீங்க. ஈரம் பட்டாலும் கெடும், சூடு பட்டாலும் கெடும். வேலூர் வெயிலில் தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் மத்தியானம் கை வைக்க முடியாது. "பரண்மேல வேணாம், அரிசிப் பானைக்குப் பக்கத்துல கீழ வைங்க" என்று இடம் வரைக்கும் சொல்லிக் கொடுப்பேன்.

நான் மருந்தாளுநர். வட ஆற்காடு என்று என் அப்பா சொல்லிப் பழகிய பகுதியில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஒரு ஏ.ஆர்.டி. மையத்தில் வேலை. அந்தப் பெரிய மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. ஆனாலும் தன் ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாதென்று ஒரு மாவட்டத்துக்காரர் பக்கத்து மாவட்டத்து மையத்தில் வந்து பதிந்துகொள்வார். பஸ்ஸுக்கே அரை நாள் போய்விடும், கூலி போய்விடும். ஆளைத் தெரிந்துகொள்ளும்படி எதையும் வெளியே சொல்லக் கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இங்கே நான் எழுதுகிற ஊரும் தொழிலும்கூட மாற்றி எழுதியவைதான்.

தினமும் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும்போது எனக்கு ஒரு நினைப்பு வரும். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகள், ஐஸ் போட்டு, இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதென்று முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான். அன்று கொடுக்க மருந்து இல்லை. அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டாவுடின் கலந்த மாத்திரை. கன்னம் ஒட்டி, பாதம் எரிகிறதென்று வருவார்கள். பிறகு எஃபவிரென்ஸ் கலந்தது. ராத்திரி போட்டதும் தலை சுற்றும், கெட்ட கனவு வரும். 2021 வாக்கில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை கைக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். இனி நம் வேலை சுலபம் என்று நான் நினைத்தேன்.

அந்த நினைப்பில்தான் ஒரு தப்பு செய்தேன்.

பீடி சுற்றும் அம்மா ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மாதம்கூட தவறாமல் வருவார். மீதி மாத்திரையை எண்ணினால் கணக்கு சரியாக இருக்கும். பழைய மாத்திரையிலிருந்து புதியதுக்கு மாற்றி, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கிற அடுத்த வைரல் லோடு ரிசல்ட் வந்தபோது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அப்படி வரக் கூடாது. கார்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "உண்மையச் சொல்லுங்கம்மா. எண்ணிக்கை சரியா காட்டிட்டு மாத்திரைய எங்க போடறீங்க?"

அவர் எதுவும் பேசவில்லை. புகையிலைத் தூள் ஒட்டிய விரல் நுனிகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது. ஏழு வருஷமாக என்னை நம்பி வந்தவரை அந்த ஒரு கேள்வியில் திருடி ஆக்கிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது.

கவுன்சிலர் அக்காதான் அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, மஞ்சப்பையைக் கொட்டச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார். பச்சைப் புத்தகம், பஸ் டிக்கெட், வெற்றிலைச் சுருள், இரும்புச்சத்து மாத்திரை அட்டை, பெட்டிக்கடையில் விற்கிற கேஸ் மாத்திரை, வாயில் போட்டு மெல்லுகிற ரகம், பாதி தீர்ந்த அட்டை.

"இத எப்பம்மா போடுவீங்க?"

"அந்த மாத்திர ரொம்ப வேகமாச்சே சார். வயிறு வெந்துடும்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி இத ரெண்டு மென்னுட்டு, அப்பறம் அத முழுங்குவேன். ஒருநாள்கூட உட்டதில்ல."

மருந்து வீணாகக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்தார். அதுவே மருந்தை வீணாக்கியிருக்கிறது. கேஸ் மாத்திரையில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ரத்தத்தில் சேராது. ஏ.ஆர்.டி. மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கேஸ் மாத்திரை போட்டு ஆறு மணி நேரம் கழிய வேண்டும். இரும்புச்சத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் அவற்றுக்கு ஒரு வழி உண்டு: சாப்பாட்டோடு போட்டால் சேர்ந்தே போடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். பயிற்சியில் எழுதி வைத்த நோட்டும் இருந்தது. கேட்கத்தான் இல்லை. "மாத்திரை போட்டீங்களா?" என்று நூறு முறை கேட்ட நான், "வேற என்ன போடறீங்க?" என்று அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து வருகிற எல்லோரிடமும் பையைத் திறக்கச் சொல்கிறேன். தோல் ஷாப்பில் மூட்டை தூக்கும் ஒரு தம்பியின் பையில் டைக்ளோஃபெனாக் அட்டை நாலு இருந்தது. டெனோஃபோவிர் சிறுநீரகத்தைக் கொஞ்சம் சோதிக்கிற மருந்து. அதன்மேல் தினமும் வலி மாத்திரை போட்டால் தாங்காது. சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று தெரிய அன்றே ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க அனுப்பினோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு, டோலுடெக்ராவிரோடு சேரும்போது அது ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதைச் சர்க்கரை டாக்டரிடம் சொல்ல வேண்டுமே என்றால், அவருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குவார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று வேண்டும், காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு. வலிப்பு மாத்திரை எடுப்பவர்களை டாக்டரிடம் அனுப்பாமல் நான் டப்பா கொடுப்பதே இல்லை.

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு வேறு பிரச்சினை. கிளீனர் பையன் கூடவே இருப்பதால் ராத்திரி மாத்திரை எடுக்க முடியவில்லை, காலையில் இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் அண்ணா என்றேன். விட்டது நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடணும். இரண்டாகச் சேர்த்து எப்போதும் கூடாது. பேசிப் பார்த்து, காலை டீக்கு இறங்குகிற நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். அவருக்கு மஞ்சள் காமாலை பி வைரஸும் இருக்கிறது. இதே மாத்திரைதான் அதையும் அடக்கி வைத்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கெட்டுவிடும். அதை அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

பீடி சுற்றும் அம்மாவுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி வைரல் லோடு எடுத்தோம். ரிசல்ட்டில் வைரஸே எண்ணிக்கைக்கு வரவில்லை. நான் எழுந்து வெளியே போய், மன்னிச்சிடுங்கம்மா என்றேன். "அத உடுங்க சார்" என்றவர், நான் கேட்பதற்கு முன்னாலேயே மஞ்சப்பையை என் மேஜையில் கவிழ்த்தார். வெற்றிலைச் சுருளைத் தனியாக எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"சுண்ணாம்புச்சத்து கூடாதுன்னீங்களே, அன்னைலருந்து யோசனையாவே கீது. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறேனே?"

விரல் நுனியளவுதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் நடுவில் இடைவெளி விட்டால் போதும் என்றேன்.

"அப்ப மாத்திர காலைல. வெத்தல மத்தியானம், பீடிய எண்ணிக் கட்டுனதுக்கு அப்பறம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, என் மேஜையிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துக்கொண்டு போனார்.