சோலார் ஹீட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் போர்த் தண்ணீரைச் சோதியுங்கள்

ஐப்பசியில் விலை விசாரிக்க ஆரம்பித்தோம். மாசி கடைசியில்தான் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. நடுவில் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம் பக்கம் போர்த் தண்ணீரை நம்பி இருக்கிறவர்கள் யாராவது இதே வேலையில் இறங்குவதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வெயிலில் தண்ணீர் காய வைக்கிற இந்த ஹீட்டரில் இரண்டு வகை: கண்ணாடிக் குழாய்களுக்குள் தண்ணீர் சூடாவது டியூப் டைப், தட்டையான பெட்டிக்குள் செம்புக் குழாய் ஓடுவது பிளேட் டைப். அதற்கு மேல் அதற்குள் போகவில்லை.

கீசரை விட்டதற்குக் காரணம் கரண்ட் பில். வீட்டில் ஆறு பேர். மாமாவுக்கு மூட்டு வலி, பனிக்காலத்தில் இரண்டு வேளையும் சுடுதண்ணி வேண்டும். 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 6 யூனிட் ஆகும். இரண்டு மாத ரீடிங்குக்கு கீசர் மட்டுமே 350 யூனிட் தின்றுவிடும். முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விகிதம் மாறிவிடுகிறது. அதற்கு முன்னால் செம்பு பாய்லரில் தேங்காய்த் தொட்டியும் மட்டையும் போட்டு எரித்தோம். புகையில் அத்தைக்கு இருமல் நிற்கவே இல்லை, அதோடு அதை மூலையில் வைத்தாயிற்று. ஹீட் பம்ப்பும் விசாரித்தோம். காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற மெஷின் அது. கீசர் மூன்று யூனிட்டில் செய்கிற வேலையை ஏறக்குறைய ஒரே யூனிட்டில் முடித்துவிடும். மாடியில் நிழல் விழுகிறவர்கள் தாராளமாக அதைப் பார்க்கலாம். எங்கள் மாடியில் நாள் முழுக்க வெயில் என்பதால் 200 லிட்டர், 20 டியூப் சோலார் என்று முடிவு செய்தோம்.

முதல் கோளாறு கொட்டேஷனிலேயே ஆரம்பித்தது. டீலர் கொடுத்த தாளில் ஒரு விலை, அதற்குக் கீழே "மானியம் கழித்து" என்று இன்னொரு விலை. "மானியம் உங்க அக்கவுண்டுக்கே வந்துருங்க்கா, இப்ப முழுசாக் கட்டிருங்க, நாங்களே அப்ளை பண்ணிக் குடுத்தர்றோம்" என்றார். ஈரோட்டில் என் பெரியப்பா மகன் வீட்டில் கரண்ட் எடுக்கிற சோலார் பேனல் போட்டிருக்கிறார்கள். அண்ணனிடம் போனில் கேட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது. 2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தின் மானியம், கூரையில் மின்சாரம் தயாரிக்கிற பேனலுக்கு மட்டும். கிலோவாட் கணக்கில்தான் தருகிறார்கள்: 2 கிலோவாட் வரை ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. தண்ணீர் காய வைக்கிற டியூபுக்கு அதில் இடமே கிடையாது. சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் நின்றுபோனதைக் காட்டி இன்றைக்கும் வியாபாரம் நடக்கிறது. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடாக இருந்தால் நம்பித்தான் கட்டியிருப்பார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதே தாளில் ஜிஎஸ்டி 12 சதவீதம் என்று போட்டிருந்தார். 2025 செப்டம்பர் 22-லிருந்து சோலார் ஹீட்டருக்கு 5 சதவீதம்தான். அதைச் சொன்னதும் மறு பேச்சு இல்லாமல் தாளை மாற்றிக் கொடுத்தார். கேட்டால் குறைகிறது, கேட்காவிட்டால் அவருக்கு லாபம்.

இனி தண்ணீர் விஷயம். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கோவையில் என் தங்கச்சி வீட்டில் சிறுவாணித் தண்ணீர். அவர்கள் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் பல வருஷமாக ஒரு பொட்டு ஒழுகலில்லாமல் இருக்கிறது. அதே மாடலைத்தான் டீலர் எங்களுக்கும் காட்டினார். எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கொஞ்ச தூரம். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த அணை. திருப்பூர்ச் சாயத் தண்ணீர் அதில் வந்து தேங்கி, சுற்றியிருந்த கிணறுகளெல்லாம் உப்பாகிப் போன கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் போர்த் தண்ணீரில் பாத்திரம் கழுவிக் காய வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போகும். இந்தத் தண்ணீரும் சிறுவாணியும் எப்படி ஒன்றாகும்? டீலரின் ஆள் வீட்டுக்கு வந்தார், மாடியை அளந்தார், காப்பி குடித்தார், ஃபோட்டோ எடுத்தார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க்கா, ஊரே இதத்தான் போடுது" என்றார்.

வாரண்டி கார்டை வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது: குறிப்பிட்ட அளவுக்கு மேல் உப்போ கடினத்தன்மையோ இருக்கிற தண்ணீரால் வருகிற பழுதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டு போரும் அந்த அளவுக்குள் வராது. ஊரே போடுகிறது என்றால், ஊரே வாரண்டி இல்லாமல்தான் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஈரோட்டில் ஓர் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தோம். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை இரண்டு முறை அலசி, அப்புறம் பிடித்துக்கொண்டு போங்கள். கடைக்காரர்கள் வைத்திருக்கிற டிடிஎஸ் பேனாவை மட்டும் நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கிற உப்பு மொத்தம் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும், அது என்ன உப்பு என்று சொல்லாது. நமக்கு வேண்டியது கடினத்தன்மையும் குளோரைடும். எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், டிடிஎஸ் 1,900-ஐ ஒட்டி இருந்தது, கடினத்தன்மை 600-க்கு மேல். குடிதண்ணீருக்கான இந்தியத் தரத்தில் டிடிஎஸ் 500-க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. கடினத்தன்மைக்கு அதே கணக்கு 200, 600. கடினமான தண்ணீர் சூடானால் சுண்ணாம்பு பிரிந்து படியும். பிளேட் டைப்பில் மெல்லிய செம்புக் குழாய் என்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், டியூப் டைப் கொஞ்சம் தாங்கும். குளோரைடு செய்கிற வேலை வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், முக்கியமாக வெல்டிங் வைத்த இடத்தில், ஊசி குத்தினாற்போல அரித்து ஓட்டை போட்டுவிடும். உப்புத் தண்ணீருக்கென்று உள்ளே எனாமல் பூசிய டேங்க் தனியாக வருகிறது. அதற்குள் ஒரு மெக்னீசியம் ராடு தொங்கும். அரிப்பு முதலில் அந்த ராடைத் தின்னும், டேங்க் தப்பிக்கும். ராடு கரைந்தபின் புதுசு மாட்டிக்கொள்ளலாம். விலை கூடத்தான், பரவாயில்லை.

ரிப்போர்ட்டை டீலர் மேஜையில் வைத்தேன். "எனாமல் டேங்க், மெக்னீசியம் ராடுடன், இணைத்துள்ள தண்ணீர் ரிப்போர்ட்டின்படி" என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இந்த ஒரு வரிதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

ஏனென்றால் டெம்போவில் வந்து இறங்கியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க். வெளித்தகடு எல்லா டேங்குக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், பார்த்தால் தெரியாது. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மாடல் எண் வேறாக இருந்தது, ராடு மாட்டுகிற போல்ட்டும் டேங்கில் இல்லை. டிரைவர் அவசரப்பட்டார். கடைக்குப் போன் போட்டால் கணக்கு எழுதுகிற பையன், "ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா, இது இன்னும் நல்ல குவாலிட்டி" என்றான். ஆர்டர் படிவத்தின் ஃபோட்டோவை அனுப்பிவிட்டு, இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். டெம்போ வாடகையை நாங்கள் தர வேண்டும் என்று கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தார்கள், தரவில்லை. சரியான டேங்க் வர தை போய் மாசி வந்துவிட்டது. அந்தப் பனியெல்லாம் கீசரிலேயே கழிந்தது.

மாட்டுகிற அன்றைக்கு நடந்ததுதான் உச்சம். காலையில் வருகிறேன் என்ற ஆட்கள் பதினோரு மணிக்கு வந்தார்கள். ஸ்டாண்டைத் தெற்குப் பார்த்து நிறுத்தி, டியூபுகளைச் செருகி, நல்ல வெயிலில் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். உள்ளே தண்ணீர் இல்லாத டியூப் வெயிலில் 200 டிகிரிக்கு மேல்கூடச் சூடாகும். அதில் பச்சைத்தண்ணீர் பட்டால் கண்ணாடி தாங்காது. மாமா விவசாயம் பார்த்தவர், சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "தம்பி, பொழுது சாயட்டும், அப்பறம் தண்ணி உடுங்க, இல்லீன்னா சாக்கு போட்டு மூடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். "நாங்க தெனமும் பண்றதுதானுங்க" என்று வால்வைத் திறந்துவிட்டார்கள். டப் டப்பென்று மூன்று டியூபுகள் வெடித்தன. மாடி முழுக்கக் கண்ணாடிச் சில்லும் தண்ணீரும்.

அப்போது நாலாவதாக ஒன்றையும் மாமாதான் கண்டுபிடித்தார். டியூபின் அடி நுனியில் உள்பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடி போலப் பளபளவென்று வெள்ளிப் பூச்சு ஒன்று இருக்கும். இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காற்று புகுந்துவிட்டால் அந்த வெள்ளி பால் வெள்ளையாக வெளுத்துவிடும். வெடிக்காமல் நின்ற டியூப் ஒன்றின் நுனி அப்படி வெளுத்திருந்தது. வெளியே முழுசாகத்தான் தெரியும், ஆனால் தண்ணீர் சரியாகச் சூடாகாது. உங்கள் வீட்டில் இறக்கும்போது ஒவ்வொரு டியூபின் நுனியையும் பாருங்கள்.

கண்ணாடிக்கு வாரண்டி கிடையாது, நாலு டியூபுக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும் என்று டீலர் சொல்லிவிட்டார். தானாக உடைந்தால் அந்த விதி சரி. அவர் ஆட்கள் மத்தியான வெயிலில் வால்வைத் திறந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? என் மகள் மாடியில் எடுத்த வீடியோவில் மாமா சொல்வதும், அவர்கள் பதில் சொல்வதும், வெடிக்கிற சத்தமும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. அதை அனுப்பிய பிறகு புது டியூபுகள் வந்தன. ஆனால் பில்லும் முத்திரை குத்திய வாரண்டி கார்டும் வரவில்லை. டியூப் பணத்தையும் சேர்த்துக் கட்டினால்தான் தருவாராம்.

பிளம்பிங்கிலும் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணி லைனுக்குச் சூடு தாங்குகிற சிபிவிசி பைப்தான் போட வேண்டும், சாதா பிவிசி அந்தச் சூட்டில் தொய்ந்துவிடும். இரண்டாவது, டேங்க் மேலே நிற்கிற ஏர் வென்ட் பைப். எங்கள் வீட்டில் அது பச்சைத்தண்ணீர் டேங்கின் மட்டத்தைவிடத் தாழ்ந்து இருந்ததால் தண்ணீர் வழிந்தது. பிளம்பர் அதன் வாயில் ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிட்டுப் போனார். ஆவியும் காற்றும் போக வரத்தான் அந்தப் பைப்பே இருக்கிறது. அடைத்தால் அழுத்தம் ஏறி டேங்க் உப்பலாம், தண்ணீர் இறங்கும்போது உள்ளே காற்று வர வழியில்லாமல் நசுங்கவும் செய்யலாம். அன்றைக்கே மூடியைக் கழற்றி, பைப்பைப் பச்சைத்தண்ணீர் டேங்குக்கு மேலே போகிற அளவுக்கு உயர்த்தச் சொன்னோம். உங்கள் மாடியில் இருந்தால் இன்றைக்கே ஏறிப் பாருங்கள்.

பில் விஷயத்துக்கு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். அந்த அளவுக்குப் போகவில்லை. புகார் எண்ணை டீலருக்கு வாட்ஸப்பில் அனுப்பியதும், அதுவரை போனை எடுக்காதவர் நேரில் வந்துவிட்டார், பில்லும் கார்டும் கையில். கார்டில் டேங்க் சீரியல் நம்பர் இடம் காலியாக இருந்தது. அவரையே மாடிக்குக் கூட்டிப்போய், டேங்கில் ஒட்டியிருக்கிற நம்பரைப் பார்த்து எழுதச் சொன்னேன். "எனாமல் டேங்க், தண்ணீர் ரிப்போர்ட் பார்க்கப்பட்டது" என்பதையும் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், டியூப் பணம் நீங்கலாக மீதியை ஜிபே செய்தேன். மெக்னீசியம் ராடை அடுத்த மாசியில் கழற்றிப் பார்க்க வேண்டும். புது ராடு ஒன்றை இப்போதே வாங்கி வைத்துவிட்டோம்.